நிறைஞ்சிருக்கு

தாழைமுனைக்காரர்கள் பொய் சொன்னார்களா என்று கண்டுபிடிக்கும் வேலை திலகவதியின் தலையில் விழுந்தது. இயக்குநர் நாச்சியப்பன் அவளைத் தன் அறைக்கு அழைத்து, எதிரே உட்காரவைத்து, டீ வரவழைத்து, அது ஆறி ஆடை கட்டும்வரை வேறு என்னென்னவோ பேசினார். மலையில் இந்த ஆண்டு பதினோரு நாள்தான் மழை, நாணலாற்றில் வரத்து போன ஆண்டில் பாதிகூட இல்லை என்று அவளுக்குத் தெரிந்த சங்கதிகளையே அவளுக்குச் சொன்னார். ஆகாத வேலையைக் கொடுக்கப்போகிறவர்கள் இப்படித்தான் ஊரைச் சுற்றிக்கொண்டு வருவார்கள்.

"முந்நூத்திப் பன்னெண்டு வீடு," என்றார் கடைசியில். "நாலு மாசமா தண்ணி முழுசா இருக்குன்னு தினமும் பதில் சொல்லியிருக்காங்க. அதை நம்பித்தான் மடையர் அவங்க மதகை அடைச்சது. இப்ப வந்து, ஒரு சொட்டு வரலை, உப்புத் தண்ணியக் குடிச்சுச் சாகுறோம்னு மனு போடுறாங்க."

"இல்லாத தண்ணியை இருக்குன்னு யாராவது சொல்வாங்களா சார்?"

"குறைன்னு சொன்னா ஆய்வுக்கு ஆள் வருவாங்கல்ல. திருட்டு போர் போட்டு இறால் குட்டைக்கு விட்டிருப்பாங்க. ஆள் வந்தா மாட்டிக்குவோம்னு பயம். வேற என்ன?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொய்த் தகவல் விதி உங்களுக்குத் தெரியும். தொண்ணூறு நாளுக்கு மேல பொய் சொன்ன ஊரைப் பங்குப் பட்டியல்லேர்ந்து எடுத்துடலாம். நிரந்தரமா. அதுக்கப்புறம் ஆத்துத் தண்ணியில அந்த ஊருக்கு உரிமையே கிடையாது. சொற்பிரிவுத் தலைவிங்கிற முறையில நீங்க பதிவையெல்லாம் கேட்டு, பொய்தான்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

"சரி சார்."

"உங்க தங்கச்சி அந்த ஊர்தானே? மனசுக்குக் கஷ்டமா இருந்தா..."

"பரவாயில்லை சார்," என்றாள் திலகவதி. உண்மையிலேயே பரவாயில்லாமல்தான் இருந்தது. மங்கை செத்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. நான்காம் நாளே திலகவதி வேலைக்கு வந்துவிட்டாள். அழுகை வரவில்லை. வந்தால் அழுதிருப்பாள், வராததை எங்கே போய்க் கூட்டிக்கொண்டு வருவது? சாப்பிட்டாள், தூங்கினாள், பேருந்தில் இடம் கிடைத்தால் உட்கார்ந்தாள்.

மடையர் என்பது ஆளல்ல. நாணலாற்றின் நாற்பத்தொரு மதகுகளையும் ஏற்றி இறக்கும் கணினி மூளைக்குத் தண்ணீர்ப் பங்கீட்டு மையத்தார் வைத்த பெயர். அந்தக் காலத்தில் மடை காத்தவர்களின் நினைவாக மரியாதையாகத்தான் வைத்தார்கள். ஜனங்கள் கடைசி எழுத்தை மாற்றிவிட்டு 'மடையன்' என்றார்கள், அதற்கு ஏழு வயதுப் பிள்ளைகள்கூடச் சிரித்தன. ஆற்றில் பழைய வெள்ளம் இல்லை. வருவதே கையளவு தண்ணீர். அதை எந்த ஊருக்கு எத்தனை நாழிகை, எந்த வீட்டுக் குழாய்க்கு எத்தனை குடம் விடுவது என்று மடையர் தினமும் மாலை ஏழு மணிக்கு முடிவு செய்யும்.

முடிவு செய்ய அதற்குத் தகவல் வேண்டும். அளக்கும் கருவிகளைத்தான் முதலில் வைத்தார்கள். கடற்கரை ஓரத்து ஊர்களில் உப்புக்காற்று ஒரே பருவத்தில் அவற்றைத் தின்றுவிட்டது. பிறகுதான் வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு கேள்விப்பெட்டியை மாட்டினார்கள். தினமும் ஒருமுறை அது மணியடிக்கும். எடுத்தால், தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்கும். வீட்டார் வாய்க்கு வந்தபடி பதில் சொல்லலாம். அந்தப் பதிலை அளவாக மாற்றுவது சொற்பிரிவின் வேலை. கருவி பொய் சொல்லும், மனுஷன் தன் தாகத்தைப் பற்றிப் பொய் சொல்லமாட்டான் என்று தொடக்க விழாவில் நாச்சியப்பன் பேசியதற்கு எல்லோரும் கை தட்டினார்கள்.

சொற்பிரிவு என்றால் திலகவதியும் நான்கு பேரும். 'கொஞ்சூண்டு', 'அடியில கெடக்கு', 'நக்கிக்கிட்டு வருது', 'ஓகோன்னு இருக்கு' என்று நாளுக்கு நாலாயிரம் சொல்லுக்கு அளவு எழுதினார்கள். முதலில் காலை ஒன்பது மணிக்குத்தான் பெட்டி அடித்தது. பாதி வீட்டில் எடுக்க ஆள் இல்லை. எடுத்தவர்களும் வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆண்கள், கடுப்பாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்தார்கள். திலகவதிதான் யோசனை சொன்னாள். மாலை ஆறு மணிக்கு அடிக்கட்டும், எல்லா வீட்டிலும் ஆள் இருக்கும். அப்படியே ஆயிற்று. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வீடுகள் பதில் சொல்லத் தொடங்கின. அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பெட்டிக்குக் குரல் கொடுத்ததும் அவள்தான். தெளிவான உச்சரிப்பு, யாரையும் மிரட்டாத குரல் என்று தேர்ந்தெடுத்தார்கள். ஆக, தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் திலகவதி ஆற்றோரத்து வீடுகளுக்குள்ளெல்லாம் நுழைந்து தண்ணீரை விசாரித்தாள்.

திங்கள் முழுக்கத் தாழைமுனைப் பதிவுகளைக் கேட்டாள். முதல் மாதம் எல்லாம் ஒழுங்கு. 'இருக்கு', 'அரைக் குடம் இருக்கு', 'ரெண்டு நாளைக்கு வரும்'. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாக ஒரே சொல்லுக்கு மாறியது. 'நிறைஞ்சிருக்கு.' அகராதியில் அதற்கு நேரே முழு அளவு என்று எழுதியிருந்தது. எழுதியவர் பெயர் இருக்கும் கட்டத்தில் அவளுடைய பெயர்தான் இருந்தது. வரைபடத்தில் மற்ற ஊர்களின் கோடு இறங்க இறங்கத் தாழைமுனையின் கோடு மட்டும் மேலே ஏறியது. அதைப் பார்த்து, கடைமடைக்குக்கூட நிறைவாகத் தண்ணீர் போகிறது என்று மூன்று மாதத்துக்கு முன்பு மையத்தில் இனிப்பு கொடுத்தார்கள். அவளும் ஒன்று எடுத்துக்கொண்டாள், பால்கோவா.

ஒவ்வொரு பதிவிலும் பெண்கள்தான் பேசினார்கள். ஒவ்வொரு 'நிறைஞ்சிருக்கு'க்குப் பிறகும் அவளுடைய குரல் 'மகிழ்ச்சி' என்றது. எங்கோ ஒன்று இடித்தது. ஆனால் மனதைத் தொட்டால் மரத்துப்போன கால் மாதிரி இருந்ததால் அதற்கு மேல் அவள் அழுத்திப் பார்க்கவில்லை. அந்த ஊர்ப் பட்டியலில் இருநூற்று நான்காவது வீட்டை மட்டும் திறக்காமல் தள்ளிவைத்தாள். அது மங்கையின் வீடு.

செவ்வாயன்று தாழைமுனைத் தண்ணீர்ச் சங்கத் தலைவர் வேதமூர்த்தி விசாரணைக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டையில் இஸ்திரி மடிப்பு இருந்தது, உதடு வெடித்திருந்தது. மேசைமேல் வைத்த தண்ணீர் டம்ளரை அவர் எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

"குடிங்க ஐயா."

"குடிக்கிறேம்மா." குடித்தார். கடைசிச் சொட்டுக்காக டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "உங்க கோட்ட ஆபீசுக்கு மூணு தடவ நடந்தேன். அங்க இருக்குற தம்பி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுது. நீங்களே நிறைஞ்சிருக்குன்னு சொல்லியிருக்கீங்களே, அப்புறம் எதுக்கு வந்தீங்கன்னு கேக்குது. சின்னப்புள்ள, கிண்டல் பண்ணுதுன்னு நெனச்சேன்."

"சொன்னது உண்மைதானே ஐயா? பதிவு இருக்கு."

"சொன்னது உண்மைதான்."

"அப்ப தண்ணி இருந்திருக்கு."

வேதமூர்த்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவருக்கு அவளைப் பார்த்துப் பரிதாபமாகத்தான் இருந்தது போல. "நீங்க எந்த ஊரும்மா?"

"இங்கதான். டவுன்."

"உங்க வீட்டுல அரிசி தீந்துபோனா அம்மா என்ன சொல்லுவாங்க?"

திலகவதி பேனாவைக் கீழே வைத்தாள்.

"வெளக்கு வைக்கிற நேரத்துல எந்தப் பொம்பளையாவது வாயத் தொறந்து இல்லேங்கிற வார்த்தையச் சொல்லுவாளா? அரிசி, உப்பு, மஞ்சள் எது தீந்தாலும் நிறைஞ்சிருக்குன்னுதான சொல்லுவா? எங்க ஊர்ல தண்ணியும் அந்தக் கணக்குதாம்மா. இருந்தா இருக்கும்பாங்க. தீந்துட்டாத்தான் நிறைஞ்சிருக்கும்பாங்க. எங்க வீட்டுல அப்புடிச் சொன்னா நான் சைக்கிள்ல குடத்தக் கட்டிக்கிட்டுக் கெளம்பிருவேன்." அவர் இரண்டு கையையும் விரித்தார். "அது தெரியாத மனுஷங்க இருப்பாங்கன்னு எங்களுக்குத் தோணவே இல்ல. நாங்க பொய் சொல்லல. மரியாதையாச் சொன்னோம்."

அவர் போன பிறகும் திலகவதி அதே நாற்காலியில் இருந்தாள். அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள், 'திலகா, அரிசி நிறைஞ்சிருக்கு.' இவள் பையைத் தேடுவாள். ஐந்து வயது மங்கை ஓடிப்போய் அரிசிப் பானைக்குள் தலையை விட்டுப் பார்த்து, 'ஐயோ காலி' என்று கத்தி, அம்மாவிடம் குட்டு வாங்குவாள். பிறகு அதையே விளையாட்டாக்கிக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பசித்தால், 'அக்கா, வயிறு நிறைஞ்சிருக்கு' என்பாள். அது அக்கா தங்கைக்கு மட்டும் புரிந்த சங்கதியாகப் பெரியவர்களான பிறகும் இருந்தது. திலகவதிக்குத் தெரியாத சொல் அல்ல. நாலாயிரத்தில் ஒன்றாக வந்தது, கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டது.

அவள் இருநூற்று நான்காவது வீட்டைத் திறந்தாள்.

அந்தப் பதிவுகள் தொடங்கியபோது அக்காவும் தங்கையும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பாவின் திதிக்குக் கூடியபோது, அம்மாவின் பெரிய பித்தளைத் தவலையை மங்கை தன் ஊருக்கு எடுத்துக்கொண்டு போனாள். கேட்காமல் எடுத்தாள் என்பதற்காகத் திலகவதி 'களவாணி' என்று ஒரு வார்த்தை விட்டாள். ஒரு தவலை. அதில் தண்ணீர் பிடித்து வைக்க டவுன் வீட்டில் இடம்கூட இல்லை.

"வணக்கம். மங்கையர்க்கரசி அவர்களா? தண்ணீர் எப்படி இருக்கிறது?"

முதலில் சிரிப்பு. "ஏய், திலகாக்கா! ரெண்டு வருஷமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனவ, இப்ப 'அவர்களா'ன்னு மரியாதை வேறயா?"

"உங்கள் பதில் புரியவில்லை. தண்ணீர் எப்படி இருக்கிறது?"

"மிஷினுன்னு தெரியும். இருந்தாலும் உன் கொரலுதானே? முக்காத் தவலை இருக்கு. நீ சண்டை போட்ட தவலைதான். எழுதிக்க."

"நன்றி. பதிந்துகொள்கிறேன்."

இருபத்திரண்டாம் நாள் அரைத் தவலை இருந்தது. முப்பத்தைந்தாம் நாள் மங்கை விளக்கேற்றிக்கொண்டிருந்திருக்க வேண்டும், தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. "நிறைஞ்சிருக்குக்கா," என்றாள்.

"மகிழ்ச்சி. பதிந்துகொள்கிறேன்."

"மகிழ்ச்சியா? கொழுப்புடி ஒனக்கு." அவள் சிரித்துக்கொண்டேதான் வைத்தாள்.

அறுபதாம் நாள் சிரிப்பு இல்லை. "நிறைஞ்சிருக்கு. தெனமும் சொல்றேன்ல? போரு தண்ணியத்தான் காய்ச்சிக் குடிக்கிறோம். ஒரே கைப்பு. இவரு ஒன்னிய நேர்ல பாத்துப் பேசுறேங்குறாரு. நாந்தான் வேணாம்னுட்டேன். எங்கக்கா தெனமும் வெளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூப்புட்டு விசாரிக்கிறா, கேட்டுக்கிட்டுத்தான் இருப்பா, அவளுக்குத் தெரியாததான்னு சொல்லிட்டேன்."

"உங்கள் பதில் நீளமாக உள்ளது. தண்ணீர் எப்படி இருக்கிறது?"

"நிறைஞ்சிருக்கு."

"மகிழ்ச்சி. பதிந்துகொள்கிறேன்."

தொண்ணூற்றெட்டாம் நாள், "காலு ரெண்டும் வீங்கியிருக்குக்கா. சோறு எறங்கல. வயிறும் நிறைஞ்சிருக்கு," என்றாள். மகிழ்ச்சி என்றது திலகவதியின் குரல். நூற்று ஒன்பதாம் நாள்தான் கடைசி. மூச்சுதான் அதிகம் கேட்டது. "நிறைஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டு, வைப்பதற்கு முன்னால், "நீ வந்துருவே," என்றாள்.

"மகிழ்ச்சி. பதிந்துகொள்கிறேன்."

திலகவதி செவிப்பொறியைக் கழற்றி வைத்தாள். கண்ணைத் துடைத்துப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது.

நாச்சியப்பன் கெட்டவர் அல்ல. அவள் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யோசிச்சுப் பாருங்க. நீங்க சொல்றபடி எழுதினா தாழைமுனைக்குப் பங்கைத் திருப்பிக் குடுக்கணும். ஆத்துல புதுசாத் தண்ணி ஊறப்போறதில்லை. நடுமடையில எட்டாயிரம் வீட்டுக்கு வாரத்துல ஒரு நாள் குழாய் வராது. அங்கயும் குழந்தைகுட்டி இருக்கு."

"தெரியும் சார்."

"அகராதியில அந்தச் சொல்லுக்கு நேரா உங்க பேருதான் இருக்கு. ஆறு மணிக்கு மாத்தச் சொன்னதும் நீங்கதான். அந்த ஊர்ல ஏழு பேர் செத்திருக்காங்க. கேசு போடாம விடமாட்டாங்க. பொய்த் தகவல்னு ரெண்டு வரி எழுதினா, அந்த ஊரை வேற இடத்துக்கு மாத்திடுவாங்க, வீடு கட்டிக் குடுப்பாங்க. யாரும் தெருவுல நிக்கப்போறதில்லை."

"ஏழு இல்லை சார், எட்டு. ஒருத்தி வேற ஊர் ஆஸ்பத்திரியில செத்தா. அதனால உங்க பட்டியல்ல வரலை."

அவர் போய்ச் சாத்திய கதவைத் திறந்துவிட்டார். திலகவதி தன் மேசைக்குப் போய் எழுதினாள். தாழைமுனையார் பொய் சொல்லவில்லை. கேட்ட நேரம் தவறு, கேட்ட சொல்லுக்கு எழுதிய பொருளும் தவறு. இரண்டும் என்னுடையவை. துணிச்சல் என்று பிற்பாடு பிரிவில் ஒருத்தி அவளிடம் சொன்னாள். துணிச்சலுக்குப் பயம் வேண்டும், அவளிடம் அது இல்லை. எதிரே இருந்த கோப்பையைத் தள்ளிவைப்பதுபோல்தான் கையெழுத்தைப் போட்டாள்.

அகராதியைத் திருத்துவதுதான் அவள் பார்த்த கடைசி வேலை. நேரத்தைக் காலைக்கு மாற்றினால் பழையபடி பாதி வீடு எடுக்காது. அதனால் ஆறு மணியை அப்படியே விட்டு, கடைமடை ஊர்களில் 'நிறைஞ்சிருக்கு' என்றால் இல்லை என்று எழுதினாள். பெட்டி சொல்லும் பதிலையும் மாற்ற வேண்டியிருந்தது. ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து, "இல்லை என்று பதிந்துகொள்கிறேன். வருந்துகிறேன்," என்றாள்.

"மேடம், 'வருந்துகிறேன்'ல கொஞ்சம் ஃபீலிங் வேணும்," என்றான் பதிவு செய்த டேவிட்ராஜ். "ரயில் நேரம் சொல்ற மாதிரி இருக்கு."

பதினோரு முறை சொன்னாள். பதினோரு முறையும் ரயில் நேரம்தான் வந்தது. போதும் மேடம் என்று அவன் கடைசியை எடுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை அவளைத் தற்காலிக வேலைநீக்கம் செய்தார்கள். அன்றைக்கே தாழைமுனை மதகும் ஏறியது. காய்ந்த வாய்க்கால் குடித்தது போக, தண்ணீர் ஊர்போய்ச் சேர மூன்று நாளாயிற்று. செவ்வாய்க்கிழமை திலகவதி பேருந்தைப் பிடித்து, தங்கையை எரித்ததும் டவுனிலேயே ஆகிவிட்டதால், அவள் கட்டிக்கொண்டு போன பதினாறு வருடத்தில் முதல்முறையாக அந்த ஊரில் போய் இறங்கினாள்.

மங்கையின் கணவன் கதிரேசன் வாசலில் நின்றிருந்தான். வாங்கக்கா என்றான். உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது தவலைதான். அடுக்களை மூலையில், புளி போட்டுத் தேய்த்த பளபளப்போடு, கழுத்துவரை தண்ணீருடன் இருந்தது. பக்கத்தில் நான்கு குடம், இரண்டு வாளி, ஒரு சோற்றுப்பானை, எல்லாவற்றிலும் தண்ணீர். கிடைத்ததில் எல்லாம் பிடித்து வைத்திருக்கிறான்.

"காலையிலதான் வந்துச்சு," என்றான். "இனிப்பா இருக்கு. குடிங்க."

குடித்தாள். அவன் சுவரோரமாக உட்கார்ந்தான்.

"ஆஸ்பத்திரியில டாக்டரம்மா சொன்னாங்கல்ல, குடிக்கிற தண்ணி சரியில்ல, உப்புதான் கிட்னிய அடிச்சிருக்குன்னு," என்றான் திடீரென்று. "அப்ப நீங்க ஒண்ணு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

நினைவிருந்தது. வரைபடத்தில் ஏறும் கோட்டை மனதில் வைத்துக்கொண்டு சொன்னது. "அங்கதான் தண்ணி நிறைஞ்சிருக்கே," என்றிருந்தாள்.

"அது காதுல விழுந்ததும் எனக்கு அப்புடியே அடங்கிப்போச்சுக்கா. இவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு, தண்ணி சுத்தமா இல்லேன்னு தெரிஞ்சேதான் சும்மா இருந்திருக்காங்கன்னு நெனச்சேன். ஒரு தவலைக்காவ இப்புடியான்னு நெனச்சேன். அதான் உங்ககிட்ட ஒரு வார்த்த பேசாம வந்துட்டேன்." அவன் தரையைப் பார்த்தபடி தொடர்ந்தான். "அவகிட்டயும் சொல்லிட்டேன். கடைசி நாளு. ஒங்கக்காவுக்குத் தெரியும்டின்னு."

"அவ என்ன சொன்னா?"

"திரும்பிப் படுத்துக்கிட்டா."

திலகவதி தலையை ஆட்டினாள். தனக்குத் தெரியாது என்று சொல்லலாம்தான். அது அவனுக்கு ஆறுதலா, அவளுக்கு ஆறுதலா என்று தெரியவில்லை. "எனக்குத் தெரியாது கதிரேசன்," என்றாள் கடைசியில். "தெரிஞ்சிருக்கணும். தெரியலை."

வெளிச்சம் குறைந்தது. மாடத்தில் விளக்கு இருந்தது, திரி கருகிக் கிடந்தது, மங்கை போனதிலிருந்து யாரும் ஏற்றவில்லை. பக்கத்து வீடுகளில் ஒவ்வொன்றாக வெளிச்சம் வந்தது. ஆறு மணிக்குச் சுவர்ப்பெட்டி அடித்தது.

கதிரேசன் எழவில்லை. "நான் எடுக்குறதே இல்லக்கா. அவ பேரச் சொல்லித்தான் கேக்கும். உங்க கொரல்ல."

அடித்துக்கொண்டே இருந்தது. திலகவதி எழுந்து போய் எடுத்தாள்.

"வணக்கம். மங்கையர்க்கரசி அவர்களா? தண்ணீர் எப்படி இருக்கிறது?"

அவளுக்கு எதிரே தவலை, குடங்கள், வாளி, பானை. இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதுதான் சரியான பதில். அதை எழுதி வைத்தவளே அவள்தான்.

"நிறைஞ்சிருக்கு," என்றாள்.

"இல்லை என்று பதிந்துகொள்கிறேன். வருந்துகிறேன்."

டேவிட்ராஜ் சொன்னது சரிதான், ரயில் நேரம் சொல்கிற குரல். ஆனால் நாற்பத்தொன்பது நாளில் அவள் சொன்னதை அப்படியே புரிந்துகொண்டது அது ஒன்றுதான். திலகவதி பெட்டியின்மேல் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, வேறு யாரோ போட்ட மாதிரி இருந்தது. கதிரேசன் எழுந்து வந்து பின்னால் நின்றான், என்ன செய்வதென்று தெரியாமல் மாடத்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றினான்.

அன்று ஏழு மணிக்கு மடையர் கணக்குப் போட்டது. இருநூற்று நான்காவது வீட்டில் தண்ணீர் இல்லை என்பதால், நடுமடையில் எந்த வீட்டிலிருந்தோ நான்கு குடம் கழித்து இங்கே கூட்டியது.

விடிந்ததும் குழாய் திறந்துகொண்டது. பங்கு நேரம் முடிந்து பக்கத்து வீட்டுக் குழாய்கள் எல்லாம் நின்ற பிறகும் இது நிற்கவில்லை. திலகவதி பாத்திரம் தேடி அடுக்களைக்கும் பரணுக்கும் அலைந்தாள். தண்ணீர் தவலையின் விளிம்பைத் தாண்டித் தரையில் இறங்கி வாசல் பக்கம் ஓடியது.

"அக்கா, எதுல புடிக்கிறது?" என்று கதிரேசன் கத்தினான். "எல்லாம் நிறைஞ்சிருக்கு."

எந்த அர்த்தத்தில் என்று அவள் கேட்கவில்லை. இரண்டு கையையும் சேர்த்துக் குழாய்க்கு அடியில் நீட்டினாள்.